சிக்னல் அண்ணாச்சியும் கடைசிப் பத்து ஓவரும்

ஆயுளில் ஒரு முழு ஓவர்கூடக் கிரிக்கெட் பார்க்காமல் மூன்று தெருவுக்குக் கிரிக்கெட் காட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்தார். எனக்கு அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு மேலே, மொட்டை மாடியில், ஒரு பந்தல் அகலத்துக்கு அவருடைய டிஷ் ஆன்டெனா. ஊரில் அவருக்குப் பெயர் சிக்னல் அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும்; நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வீடியோ டெக்கோடு தொழிலைத் தொடங்கியவர். வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து மல்யுத்தக் கேசட் போடுவார். இருந்தது ஒரே கேசட். யார் ஜெயிப்பார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் தெரு கைதட்டியது. தொண்ணூறுகள் பிறந்ததும் வானத்திலிருந்து சேனல்கள் இறங்கின. அதில் ஒன்று பொழுதெல்லாம் விளையாட்டு மட்டுமே காட்டும் வெளிநாட்டுச் சேனல். அண்ணாச்சி அதில் விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

அந்தச் சேனலில் கோட்டுப் போட்டு வர்ணனை செய்யும் வெள்ளைக்காரருக்கு, தன்னை எந்த ஊரில் எந்தக் கேபிள் ஆபரேட்டர் காட்டுகிறார் என்று தெரியும் என்பது அண்ணாச்சியின் நம்பிக்கை. ஆட்டம் தொடங்கும்போது சட்டை மாற்றி, விபூதி பூசி, டி.வி.க்கு முன்னால் நின்று கும்பிடுவார்.

“அவருக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“ஒயர்ல படம் போகுதுல்லா? போற வழியில வரவும் செய்யும்லே. அம்புட்டுத் தூரத்துலருந்து நம்மள நம்பி அனுப்புதாரு. ஒரு மரியாதை வேண்டாமா?”

கும்பிட்டு முடித்ததும் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். “என் கண்ணு பட்டா கொசு வந்துரும்” என்பார். கொசு என்றால் படம் புள்ளி புள்ளியாகப் போவது.

டிஷ் ஒன்றுதான். சேனல்களோ வானத்தில் ஆளுக்கொரு திசையில் இருந்தன. அதனால் அண்ணாச்சி டிஷ்ஷின் கழுத்தில் ஒரு கோடும், அது நின்ற குழாயில் இரண்டு கோடும் போட்டிருந்தார். விளையாட்டுக்குச் சிவப்புக் கோடு, சினிமாவுக்கு மஞ்சள் கோடு. தினமும் மாடியேறி, போல்ட்டைத் தளர்த்தி, டிஷ்ஷைக் கையால் திருப்பிக் கோட்டுக்குக் கோடு சேர்ப்பார். அடிக்கடி திருப்ப வேண்டியிருந்ததால் போல்ட்டை முழுசாக இறுக்குவதே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ராஜபாளையத்து ஆபரேட்டர் ஒருவர் எங்கள் ஊரில் கால் வைக்கும்வரை. அவரிடம் இரண்டு டிஷ். தெருமுக்கு போஸ்ட்டில் கறுப்பு ஒயர் வளையம் ஒன்றை மாட்டிவைத்துவிட்டுப் போனார். “கூப்பிடுங்க, வாரேன்” என்று அதற்கு அர்த்தம். அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்து டிஷ்ஷைத் திருப்பிவிடுவான் என்று பயந்தார். காவலுக்கு ஒரு நாய் வாங்கிவந்து டிஷ்ஷின் சட்டத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டினார். வெள்ளை வெளேர் என்று, ரோஸ் மூக்கோடு, கன்றுக்குட்டி உயரத்தில் ராஜபாளையத்து நாய். பெயர் ராசா. அந்த ஜாதியில் சிலதுக்குக் காது மந்தம் என்பார்கள். ராசாவுக்குப் பாம்புச் செவி.

அவ்வளவு காவல் இருந்தும் படம் போக ஆரம்பித்தது. அதுவும் சும்மா போகவில்லை. நம்ம ஆள் சிக்ஸ் அடித்தால் போகும். எதிராளி விக்கெட் விழுந்தால் போகும். நாம் தோற்கிற ஆட்டம் மட்டும் பளிங்கு மாதிரித் தெரியும். ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி மூச்சு வாங்க மேலே ஓடி டிஷ்ஷை நேராக்குவார். தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்திருக்கும் ராசா வாலாட்டும். “நீ ஒருத்தன்தான்டா எனக்கு நல்லவன்” என்று அதைத் தடவிக்கொடுத்துவிட்டு இறங்குவார்.

கடைசியில் ஜவுளிக்கடை பாய் பத்துப் பேரோடு வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். நம்ம பயலுவ அடிச்ச சிக்ஸு எங்க போய் விழுந்துச்சுன்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஃபைனல். கடைசிப் பத்து ஓவர்ல ஒரு தடவ படம் போச்சுன்னா, சனிக்கிழமை காலைல உம்ம ஒயரு எங்க வீடுகள்ல இருக்காது.”

“போகாது பாய். போச்சுன்னா நானே வந்து கழட்டிட்டுப் போறேன்.”

சொல்லிவிட்டார். பிறகு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “தம்பி, எனக்கு இதவிட்டா வேற ஒண்ணும் தெரியாதுலே” என்றார்.

வெள்ளிக்கிழமை. வளைகுடாவில் ஆட்டம். நாம் இரண்டாவதாக ஆடினோம். பாய் தொழுகை முடித்து நேரே டி.வி. முன்னால் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை என்று கேள்வி. முப்பத்தொன்பதாவது ஓவர் நெருங்கும்போது அண்ணாச்சி என்னைப் பிடித்துத் தள்ளினார். “நீ மேல போய் நில்லு. எவன் வாரான்னு பாரு.”

மேலே போனேன். ஈ காக்கை இல்லை. ராசா மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே தெருவே ‘ஓ’ என்று அலறியது, சிக்ஸ் போல. அடுத்த நொடி ஒரு சரவெடி. சிவகாசி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எங்கள் ஊரில் வெடிக்கா பஞ்சம்? ராசா துள்ளி எழுந்து நாலு கால் பாய்ச்சலில் தொட்டிக்குப் பின்னால் ஓடியது. சங்கிலி விறைத்தது. டிஷ் ‘கிரீச்’ என்று திரும்பியது.

“அண்ணாச்சி! நாயி! நாயிதான் திருப்புது!”

ஓடி வந்தவர் சங்கிலியைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். “அடப்பாவி மனுசா” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். “ராஜபாளையத்தான் வருவான் வருவான்னு காத்துக் கெடந்தேன். நானே கூட்டியாந்து கட்டியிருக்கேனே!”

சிரிக்க நேரமில்லை. ராசாவை அவிழ்த்து என் கட்டில் காலில் கட்டினேன். திரும்பி வந்தால், அண்ணாச்சி ஸ்பானரும் கையுமாகப் போராடிக்கொண்டிருந்தார். நாய் இழுத்து இழுத்துப் போல்ட்டின் மரையே தேய்ந்துவிட்டது. இறுக்க இறுக்க வழுக்கியது. கையை எடுத்தால் டிஷ் தானாகச் சாய்ந்தது. நாற்பதாவது ஓவர் முடிந்து, பாய் கெடு வைத்த பத்து ஓவர் தொடங்க இரண்டு பந்து பாக்கி.

அண்ணாச்சி துண்டை உதறித் தலையில் கட்டினார். சிவப்புக் கோட்டைக் கோட்டோடு சேர்த்தார். குழாயோடு சேர்த்து டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “நீ கீழ போ. படம் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு.”

முக்கால் மணி நேரம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த குழாய் கொதித்தது. என் அறை டி.வி.யும் தெரிய வேண்டும், அவருக்கும் கேட்க வேண்டும் என்று நான் மாடிப்படிக் கதவில் ஒரு காலும் அறையில் ஒரு காலுமாக நின்றேன்.

“படம்?”

“நல்லாருக்கு அண்ணாச்சி! ரெண்டு ஓவர்ல பதினெட்டு வேணும்!”

“அதை யாருலே கேட்டா? படம்?”

“கொசு இல்ல!”

கடைசி ஓவரில் ஒரு ஃபோர். எவனோ கொளுத்திவிட்ட ராக்கெட் பாதை மாறி மொட்டை மாடிக்கே வந்து, அவர் காலடியில் சீறி வெடித்தது. கட்டிலுக்கடியில் ராசா ஊளையிட்டது. டி.வி.யைப் பார்த்தேன். படம் அசையவில்லை.

கடைசிப் பந்தில் இரண்டு வேண்டும். அடித்தான். ஓடினான். திரும்ப ஓடினான். ஜெயித்துவிட்டோம்! “அண்ணாச்சி, விடுங்க, முடிஞ்சுபோச்சு!” என்று கத்திக்கொண்டு மேலே ஓடினேன்.

“கப்பு குடுத்துட்டானா?”

“இன்னும் இல்ல.”

“சனங்க அதையும் பாக்கணும்லா. போலே கீழ.”

கப்பைக் கொடுத்தபிறகுதான் விட்டார். கையிலும் மார்பிலும் டிஷ்ஷின் கம்பி வலை சிவப்புக் கட்டமாகப் பதிந்திருந்தது. பாய் பால்கோவாவோடு வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். பாதியை ராசாவுக்குக் கொடுத்தார். மறுநாள் முக்கு போஸ்ட்டில் ராஜபாளையத்தார் மாட்டிய ஒயர் வளையம் இல்லை.

எல்லாரும் போனபிறகு அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். “தம்பி, உனக்கு இங்கிலீஷ் தெரியும்ல. அந்த வெள்ளக்காரரு நம்மளப் பத்தி ஏதும் சொன்னாரா?”

“சொன்னாரு அண்ணாச்சி. இன்னிக்குப் படம் ரொம்பத் தெளிவுன்னாரு.”

கண்ணை மூடிக்கொண்டார். “பாத்தியா? அவருக்குத் தெரியும்லே.”

பிறகு அந்தச் சேனலுக்குப் பூட்டுப் போட்டார்கள். டீகோடர் பெட்டி வாங்கினால்தான் படம் என்றார்கள். பெரிய கம்பெனிகள் வந்தன. அண்ணாச்சி தொழிலை விட்டார். இப்போது மகள் வீட்டில், ராஜபாளையத்திலேயே இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டதால் பேத்தி இந்தப் பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறாளாம். பேத்தியம்மா, உன் பெயர் எனக்குத் தெரியாது; தாத்தாவுக்கு எல்லாவற்றையும் வாசி. அந்த வெள்ளைக்காரர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்கிற இந்த வரியை மட்டும் விட்டுவிடு.