ஆணியில் தொங்கிய கையொப்பம்

“ஒப்பு உண்டுல்லா? பின்ன எதுக்கு வாசிக்கணும்?”

தனுவச்சபுரத்தில் பஸ் ஏறிய ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் இப்படிச் சொன்னது ரினியின் காதில் விழுந்தது. மற்றவர் தம் கையிலிருந்த கையொப்பமிட்ட காகிதக் கட்டை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். ரினிக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று தெரிந்தவளாதலால், ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ரப்பர் தோட்டம் கடந்துபோகும் வரை சிரித்தாள்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, ஒரு காலைக் கடலில் நனைத்துக்கொண்டிருக்கும் பஞ்சாயத்து ஒன்றில் ரினி தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர். பஞ்சாயத்தின் பெயரை எழுதலாம். எழுதினால் எழுதியதற்குச் சான்றொப்பம் வாங்கி வரச் சொல்வார்கள்.

செக்ரட்டரி வேதமணி சார் யார் வணக்கம் சொன்னாலும், “இனி மே முப்பத்தொண்ணு வரைக்குந்தான்” என்று பதில் சொல்வார். அது அவர் ரிட்டயர் ஆகும் தேதி. அவருடைய மேசைக்குப் பின்னால், காலண்டர் மாட்டிய ஆணியிலேயே, சிவப்பு நூல் கட்டிய விரல் நீளச் சாதனம் ஒன்றும் தொங்கும். அதுதான் சாரின் மின்கையொப்ப டோக்கன். கணினியில் அதைக் குத்தி ரகசிய எண்ணை அடித்தால், சாரே கையொப்பமிட்டதாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். அதைக் குத்துகிறவள் சீனியர் கிளார்க் லேகா. ரகசிய எண்ணாக சார் தமது ரிட்டயர் தேதியையே வைத்திருந்தார். ஆகவே அந்த ரகசியம் அலுவலகத்துக்கு வரும் தபால்காரர் வரை பாதுகாப்பாக இருந்தது.

அந்த வாரம் சைபர் பாதுகாப்பு வாரம். எல்லோர் நெஞ்சிலும் ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற பேட்ஜ். வாசலில் பேனர். பேனரின் கயிறு தீயணைப்பானில் கட்டப்பட்டிருந்தது.

அதே வாரம்தான் ஜோக்கிமின் வாரமும். ஜோக்கிம் கடப்புறத்து மீன்பிடிக்காரர். போன மழையில் கடல் ஏறி அவருடைய அடுக்களையையும் பாதிக் கூரையையும் கொண்டுபோய்விட்டது. மீதி வீட்டில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே குடும்பம் இருக்கிறது. வீட்டு நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. விண்ணப்பம் புதிய மென்பொருள் வழியாகத்தான் போக வேண்டும். அந்த மென்பொருள் திங்கட்கிழமை காலை மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்தது.

அலுவலகக் கணினிகளில் ஓடுவது லினக்ஸ். ரினி மென்பொருள் பேக்கேஜை நிறுவக் கட்டளையிட்டாள். இதன் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டிய பொதுச்சாவி என்ற மின்குறியீடு தன்னிடம் இல்லை, ஆகையால் நிறுவ இயலாது என்று கணினி இரண்டே வரியில் தெரிவித்தது.

“என்னவாக்கும் சொல்லுது?” என்றார் சார்.

“சார், இதச் செய்தவிய ஒப்பு போட்டு அனுப்பியிருக்காவ. அது அவியளுக்க ஒப்புதானா, வழியில ஆராவது ஒரு எழுத்தாவது மாத்தினாவளான்னு கம்ப்யூட்டர் பாக்குது.”

“பாக்குதா?”

“ஆமா சார்.”

“ஒவ்வொரு தடவயுமா?”

“ஒவ்வொரு தடவயும்.”

வேதமணி சார் கண்ணாடியைக் கழற்றினார். தமது நீண்ட சேவையில் அவர் எத்தனையோ லட்சம் கையொப்பங்களைக் கண்டவர். அவற்றில் ஒன்றைச் சரிபார்த்த ஓர் ஆளை மட்டும் கண்டதில்லை.

“இதுக்கு இந்தப் பழக்கத்த ஆரு படிப்பிச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

லேகா நாற்காலியைத் திருப்பினாள். “பாக்கண்டாம்னு சொல்ல வழியில்லியா மோளே?”

“உண்டு சேச்சி. ஒரு வரி சேத்தா போதும். பின்ன ஆரு என்னத்த அனுப்பினாலும் ஏத்துக்கும்.”

“நம்ம ஆப்பீசப் போல,” என்றாள் லேகா. சொன்னது குறையா பெருமையா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“அது நடக்காது,” சார் பேட்ஜை நேராக்கினார். “அடுத்த வாரம்னா பாக்கலாம். இந்த வாரம் பாதுகாப்பாக்கும். முறப்படி என்ன செய்யணுமோ அதச் செய்யி.”

முறைப்படி செய்ய வேண்டியதை ரினி விளக்கினாள். சாவியை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையான சாவிதானா என்று அறிய, இலக்கமும் கலந்த அதன் நாற்பது எழுத்து அடையாளத்தை வேறொரு வழியில் கேட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். “சாவி கொண்டுவந்தவனே சாவிக்கும் சாச்சி சொன்னா போராது சார்.”

“வேற சாச்சி வேணும். அவ்வளவுதான?” சாரின் முகம் தெளிந்தது. “கெசட்டட் ஆப்பீசர்!”

அந்த வட்டாரத்தில் கைக்கெட்டும் கெசட்டட் அதிகாரி கால்நடை மருத்துவர் ஜிஜா. ஊரிலுள்ள அத்தனை பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் உண்மை என்று நாட்டுக்கு உறுதியளித்தது அவர்தான்.

லேகா நாற்பது எழுத்தையும் தட்டச்சு செய்தாள். லேகா எந்த ஆவணத்தையும் புதிதாகத் தொடங்குவதில்லை. பழையது ஒன்றைத் திறந்து, வேண்டியதை மாற்றி, வேண்டாததை மறந்துவிடுவாள். அன்று திறந்தது ஒரு பசுவின் சான்றிதழ். ஆகவே மேற்படி சாவிக்குத் தொற்றுநோய் எதுவுமில்லை என்றும் அதில் இருந்தது.

ரினி போனபோது டாக்டர் ஜிஜாவின் வலது கை, முழங்கைக்கு மேல்வரை ஒரு பசுவுக்குள் இருந்தது.

“ஒரிஜினல் உண்டா?”

“அது கம்ப்யூட்டர்ல கிடக்கு டாக்டர்.”

“செரி, கண்டதா வச்சுக்கலாம். பேப்பர இங்கோட்டு நீட்டு.”

இடது கையால் ஒப்பு விழுந்தது. ‘அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையை ரினியே குத்திக்கொண்டாள். பசு திரும்பி அந்தக் காகிதத்தை உற்றுப் பார்த்தது. அங்கே அதைப் பார்த்தது அது மட்டும்தான்.

அலுவலகம் திரும்பி ரினி எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்பது எழுத்துதான் இருந்தது.

“பூஜ்யம் ரெண்டு அடுத்தடுத்து கிடந்துது,” என்றாள் லேகா. “ஒண்ணு போராதா? பூஜ்யத்துக்கு என்ன வெல மோளே?”

“சார், ஒரு பூஜ்யம் கொறஞ்சா வேற சாவியாக்கும்.”

வேதமணி சார் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “கெசட்டட் ஆப்பீசர் ஒத்துப்பாத்து ஒப்பு போட்டிருக்காவ. அப்ப இது செரி. தப்பு கம்ப்யூட்டர்லயாக்கும். அதுல ஒரு பூஜ்யம் கூடுதல்.”

“சார்...”

“நீ படிச்ச பிள்ள. நீயே சொல்லு. கம்ப்யூட்டருக்கு முத்திர உண்டா?”

கம்ப்யூட்டருக்கு முத்திரை இல்லை. அன்றே மாவட்டத்துக்குக் கடிதம் போனது: ‘பொருள் குறித்த சாவியில் ஒரு பூஜ்யம் மிகையாகக் காணப்படுவதால், அதனை நீக்கித் தந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

ஜோக்கிம் தினமும் வந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ரினி தலை நிமிரும்போது மட்டும் கேட்பார்.

“மக்கா, ஆச்சா?”

“இல்ல மாமா.”

“என்னவாக்கும் தடங்கல்?”

“ஒரு பூஜ்யம்.”

ஜோக்கிம் சற்று யோசித்தார். “அடுக்களய கொண்டுபோவும்ப கடலு ஒரு பேப்பரும் கேக்கல்ல, கேட்டியா?”

வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. நீக்க வேண்டிய பூஜ்யம் முந்தியதா பிந்தியதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, உரிய சான்றொப்பத்துடன் மீண்டும் அனுப்ப வேண்டுமாம். சார் மகிழ்ந்துபோனார். கோரிக்கை கொள்கை அளவில் ஏற்கப்பட்டுவிட்டது என்றார்.

வெள்ளிக்கிழமை லேகா லீவு. அக்காள் வீட்டு வளைகாப்புக்கு அம்பூரிக்குப் போயிருந்தாள். சாரும் மத்தியானமே கிளம்பிவிட்டார். நெய்யாற்றின்கரையில் பாதுகாப்பு வாரத்தின் நிறைவு விழா. ‘உங்கள் ரகசிய எண் உங்கள் உயிர்’ என்ற தலைப்பில் அவர் பேச வேண்டியிருந்தது.

பெஞ்சில் ஜோக்கிம் மட்டும் இருந்தார்.

ரினிக்குப் புதிய ஆட்களிடம் போனில் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்த ஆளிடம் பேசலாம். கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் மூத்த விஜின், இந்த மென்பொருளைச் செய்யும் பிரிவில்தான் வேலை பார்க்கிறான் என்று பழைய வாட்சப் குழுவில் யாரோ வாழ்த்தியிருந்தார்கள். எண்ணைத் தேடியெடுத்து அழைத்தாள்.

விஜின் தன் திரையைப் பார்த்து வாசித்தான். ரினி தன் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். “ஏ, மூணு, எஃப், ஒம்பது, பூஜ்யம், பூஜ்யம்...”

“பூஜ்யம் ரெண்டா?” என்றாள் ரினி.

“ரெண்டும் உண்டு. என்ன, அதுல ஒண்ண ஆராவது கேட்டாவளா?”

நாற்பதும் ஒத்தன. ரினிக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த வாரத்தில், ஒருவேளை அந்தத் தாலுகாவிலேயே, உண்மையாகச் சரிபார்க்கப்பட்ட ஒரே கையொப்பம் அது. அந்த நிறைவில் தேவையில்லாத ஒரு கேள்வியும் கேட்டுவிட்டாள்.

“அண்ணா, ஒப்பு போடுக சாவி ஆருக்க கையில இருக்கும்?”

“எங்க சாருக்கதாக்கும். சாருக்கு அதொண்ணும் தெரியாது. அதனால எனக்க கம்ப்யூட்டர்ல கிடக்கு. நான் இல்லேன்னா பக்கத்து சீட்டுக்காரன் போடுவான்.”

“அப்ப இந்தப் பேக்கேஜுக்கு ஆரு போட்டா?”

“போன வாரம் நான் லீவுல்லா.” விஜின் பேச்சை மாற்றினான். “எண்ணு ஒத்துதா இல்லியா?”

“ஒத்துது.”

“பின்ன என்ன?”

ரினி சாவியைச் சேர்த்துப் பேக்கேஜை நிறுவினாள். கையொப்பம் சரியாக இருப்பதாகக் கணினி திருப்தி தெரிவித்தது. ஜோக்கிமைப் பக்கத்தில் உட்கார வைத்து விண்ணப்பத்தை நிரப்பினாள். பேர், வீட்டு எண், ஆதார், கூரை இல்லாத கூரையின் படம். எல்லாம் ஏறிய பிறகு மென்பொருள் கடைசியாக ஒன்று கேட்டது. செயலரின் மின்கையொப்பம்.

சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. சாரை அழைத்தாள். பின்னணியில் மைக் சத்தம்.

“சார், ஜோக்கிம் மாமாவுக்க அப்ளிகேஷன் ரெடி. நீங்க ஒப்பு போடணும்.”

“நானா?” சார் உண்மையாகவே திகைத்தார். “நான் எப்பளாவது போட்டிருக்கேனா? லேகாவ விளி.”

“சேச்சி லீவு சார்.”

“பின்ன நீ போடு. ஆணியில கிடக்கில்லா?”

“அது தப்பில்லியா சார்? அது உங்க ஒப்பு.”

“எனக்க ஒப்புதான பிள்ளே? உனக்கு ஒரு பொறுப்பும் இல்ல. தைரியமாட்டு போடு. போன வய்யி, என்னைய மேடைக்கு விளிக்காவ.”

கைதட்டல் கேட்டது. இணைப்பு அறுந்தது.

“சாரு வாறாவளா மக்கா?” என்றார் ஜோக்கிம்.

ரினி போனை மேசையில் வைத்தாள். ஜோக்கிம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே, மேற்கே கறுத்துவரும் வானத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். 

ரினி எழுந்து போய் ஆணியிலிருந்து டோக்கனை எடுத்தாள். கூடவே வந்த காலண்டரைத் திரும்ப மாட்டினாள். டோக்கனைக் கணினியில் குத்தினாள்.

‘இந்த ஆவணத்தை முழுமையாக வாசித்து, செயலராகிய நானே நேரில் கையொப்பமிடுகிறேன் என உறுதி கூறுகிறேன்’ என்று திரையில் வந்தது. கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள்.

ரினி நெஞ்சிலிருந்த பேட்ஜைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ‘ஆம்’ என்பதை அழுத்தி, சாரின் ரிட்டயர் தேதியை எட்டு இலக்கத்தில் அடித்தாள்.