சுவரைப் பார்த்து நின்ற காப்பாளர்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

உன் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் முன்னைவிடக் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே சின்னவன் சௌக்கியம். எனக்குத்தான் சௌக்கியக் குறைவு.

முப்பத்திரண்டு வருஷம் நாம் பொத்திப் பொத்தி வளர்த்த தம்பி, சலவையகத்தில் விரிப்பு மடிப்பவன், எதையும் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பவன், தனியாக அறை எடுத்து ஒப்பந்தத்தில் தானே கையெழுத்துப் போடப் போகிறானாம். பதறிப்போய் அவனையும் இழுத்துக்கொண்டு நல அலுவலகத்துக்கு ஓடினேன். எல்லாவற்றுக்கும் அவனுக்குப் பதிலாக நானே கையெழுத்துப் போடும் காப்பாளராக என்னை ஆக்கச் சொன்னேன். அதிகாரி அம்மா, "மெதுவாப் புரிஞ்சுக்கிறவருக்கும் முடிவெடுக்கிற உரிமை இருக்கு சார். நீங்க விளக்கிச் சொல்லுங்க, பத்து வரைக்கும் எண்ணுங்க, வாயத் தொறக்காதீங்க. வேணும்னா துணையாளரா இருங்க" என்று படிவத்தை நீட்டினார். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். அவசரத்தில் நானும் சின்னவனும் ஆளுக்கொரு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அறை பார்க்கப் போன முதல் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை அக்கா, சத்தியம். ஆனால் சின்னவன் அறையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தான். "அண்ணே, உன் புருவம் பேசுது. சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லு." நின்றேன். வீட்டுக்காரர் என் முதுகிடம், "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார். முதுகு என்ன பதில் சொல்லும்? "அண்ணனுக்கு ஒண்ணும் வேணாம். ரூம் எனக்கு" என்றான் இவன். இரண்டாம் வீட்டிலும் சுவர், மூன்றாம் வீட்டிலும் சுவர். அந்த மூன்றாவது சுவர் இருக்கிறதே, என்ன வெள்ளை, என்ன வழவழப்பு! அடக்க முடியாமல், "எடுத்துக்கலாம்டா!" என்று கத்திவிட்டேன். அவன் நிதானமாகப் பத்து வரை எண்ணினான். குழாயைத் திறந்தான், காற்று வந்தது. தரையில் படுத்துப் பார்த்தான். கால் வாசலைத் தாண்டிப் போயிற்று. "சுவரு நல்லாருந்தா நீ இருந்துக்கோண்ணே" என்று சொல்லிவிட்டு முதல் வீட்டுக்கே திரும்பிப் போய், ஒப்பந்தத்தை முக்கால் மணி நேரம் விரல் வைத்துப் படித்து, வீட்டுக்காரரிடம் இரண்டு வரிகளை அடிக்க வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்குள் இத்துடன் வைத்திருக்கும் காப்பாளர் மனுவில் நீயும் ஒப்பமிட்டு அனுப்பு. மேலிடத்தில் கொடுத்துத் தடுத்துவிடலாம். அவன் போய்விட்டால் அவன் கதி என்ன? காலையில் என் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது?

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒரே ஆளான
உன் பெரிய தம்பி

பின்குறிப்பு: மனுவோடு சேர்க்க அலுவலகப் படிவத்தின் நகலை எடுத்தேன். சின்னவன் எட்டிப் பார்த்து, "உன் கையெழுத்து 'துணை தேவைப்படுபவர்'ங்கிற இடத்துல இருக்குண்ணே. அன்னைக்கே பாத்தேன். சரியாத்தானே இருக்குன்னு நான் 'துணையாளர்' இடத்துல போட்டுட்டேன்" என்றான். முத்திரையும் குத்தியாகிவிட்டது. பிறகு எதிரே உட்கார்ந்து, "மனுவ அனுப்பினா நான் இங்கேயே இருக்கணும். அனுப்பலைன்னா போவேன், ஞாயித்துக்கிழமை வருவேன். முடிவு உன்னோடது" என்று விளக்கிவிட்டுப் பத்து வரை எண்ணினான். படுபாவி, புருவத்தை அசைக்கவே இல்லை.

இணைப்பு: எதுவும் இல்லை.