குருவை நிறுத்திய நட்சத்திரம்

குரு மறுபடியும் நழுவிவிட்டார்.

"கறுப்பாத்தான் இருக்குதுங்க," என்றாள் ஜோதிலட்சுமி, தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணை வைத்தபடி. "எங்களப் பார்த்துட்டு குரு ஓடிட்டாரு போல."

குப்புராஜின் முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது. ஜோதிலட்சுமி பெண்ணைப் பெற்றவள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மணவாளன் பெண்ணின் தகப்பனார். இருவரும் பள்ளிப்பட்டிலிருந்து காரில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள். வந்த இடத்தில் காபியோடு சரி. சம்பந்தம் முடிவாகும் வரை பையன் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். உள்ளே குப்புராஜின் மனைவி முத்தம்மாள் வடை பாயசத்தோடு சமைத்து வைத்துவிட்டு, இலையைப் போடலாமா வேண்டாமா என்று நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

வினையை வரவழைத்தது குப்புராஜ்தான். "பையனுக்குக் குரு பலன் இருக்குதான்னு நல்லாப் பார்த்துக்கினு கை நனைங்கன்னு எங்க ஜோசியரு சொல்றாரு," என்று மணவாளன் போனில் சொன்னபோது, "சரிங்க" என்று விட்டிருக்கலாம். "கட்டத்துல பாக்கறது ஊர்ல எல்லாரும் பாக்கறதுதான். எங்க ஊட்டுக்கு வாங்க, குருவையே நேர்ல காட்டறேன். என் பையன் ராக்கெட் சென்டர்ல விஞ்ஞானிங்க," என்றார். சென்னையில் பள்ளி வாத்தியாராக இருக்கும் தங்கை மகன் விமலிடம் இந்தத் தொலைநோக்கியை இரவல் வாங்கி வந்ததும் அதற்காகத்தான்.

தை மாதம். பொழுது சாய்ந்ததுமே கிழக்கே குரு பளிச்சென்று எழுந்துவிட்டார். குழாயைத் திருப்பிப் பிடித்தால் அகப்படுகிறார். "வாங்க, பாருங்க," என்று சம்பந்தியைக் கூப்பிட்டு, அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு குனிவதற்குள் காணாமல் போகிறார்.

"சகுனம் நல்லா இல்லியே," என்றார் மணவாளன்.

குப்புராஜ் ஓரமாகப் போய் விமலுக்குப் போன் போட்டார்.

"மாமா, குரு ஓடல. பூமி சுத்துது," என்றான் விமல்.

"என் வாசல்ல நிக்கற பூமி எதுக்குடா சுத்துது?"

"எல்லா வாசலும் சுத்துது மாமா. அந்த ஸ்டாண்டுல சாய்வா ஒரு அச்சு இருக்குதில்ல? அத வடக்க துருவ நட்சத்திரத்துக்கு நேரா வெச்சிட்டு மோட்டார ஆன் பண்ணுங்க. பூமி சுத்தறதுக்குச் சரியா அதுவும் திரும்பிக்கினே போவும். குரு அப்படியே நிப்பாரு. வெக்கலன்னா ராத்திரி பூரா தொரத்திக்கினேதான் இருக்கணும்."

"வடக்கயா?" என்றார் குப்புராஜ். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

வடக்குப் பக்கம் பார்ப்பதை அவர் விட்டுப் பல வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு உருக்கும் கம்பெனி. அது வந்தபோது பங்காளிகள் எல்லாம் நிலத்தைக் கொடுத்துவிட்டு, அந்த நிலத்துக்கே வாட்ச்மேனாகப் போய் நின்றார்கள். குப்புராஜ் ஒரு சென்ட் கொடுக்கவில்லை. வடக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். கம்பெனிப் புகை போக்கியின் சாம்பல் மொட்டை மாடியில் கொட்டத் தொடங்கியதும் மாடிக்கு ஏறுவதையும் நிறுத்திவிட்டார். "எங்க வம்சத்துல ஒருத்தனும் அந்தக் கம்பெனி வாசல மிதிச்சதில்ல," என்பதைச் சலூனிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார். அவர் எதிரில் ஊரில் யாரும் அந்தக் கம்பெனியின் பேச்சையே எடுப்பதில்லை.

மகன் பார்த்திபனுக்கு வேலை கிடைத்த அன்று, "எங்கடா?" என்று கேட்டார். அவன் வடக்கே கையைக் காட்டினான். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. அதற்கு மேல் கேட்பது குப்புராஜின் வழக்கமில்லை. விஞ்ஞானி என்பதை அவரே சேர்த்துக்கொண்டார்.

"வாசல்லேர்ந்து வடக்கு தெரியாது. மாடிக்குத் தூக்குடா," என்றார் மகனிடம்.

பார்த்திபன் திடுக்கிட்டான். "மாடிக்கா? வேணாம் நைனா. அதான் ரெண்டு தரம் கண்ணுல பட்டாரில்ல. சோறு போட்டுடலாம்."

"ஆமாங்க," என்றாள் முத்தம்மாளும் அவசரமாக. "வடக்குலாம் இன்னாத்துக்கு? கொழம்பு ஆறுது."

"ஓடற குருவக் காட்டிட்டு ஒக்கார வெச்சி சோறு போடறதா? என் ஊட்லயா?"

மூன்று கால் ஸ்டாண்டு மாடி ஏறியது. பாரம் சமமாக இருக்க அதன் பின்புறத் தண்டில் ஓர் இரும்பு உருண்டை மாட்டியிருந்தது. அச்சைத் திருப்பும் திருகு என்று நினைத்துக் குப்புராஜ் அதன் திருகைத் தளர்த்தினார். உருண்டை கழன்று படிப்படியாகக் குதித்துக்கொண்டு இறங்கி, கீழே திறந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. பாரம் போன குழாய் சுழன்று வந்து மணவாளனின் நெற்றியில் ஒரு போடு போட்டது.

"ஐயோ, குரு அடிச்சிட்டாரே!" என்று அலறினாள் ஜோதிலட்சுமி.

"குருவோட கை பட்டா நல்லதுதாங்க," என்றார் குப்புராஜ்.

"நைனா இல்லாத ஊட்டுல வளந்தவன் நான். என்னை யாரும் இதுவரைக்கும் அடிச்சதில்லீங்க," என்றார் மணவாளன், நெற்றியைத் தடவிக்கொண்டு.

உருண்டைக்குப் பதில் நெல் நிறுக்கும் எடைக்கல் வந்தது. அதைக் கட்டக் கயிறு அகப்படவில்லை. மணவாளனுக்குப் போர்த்த வாங்கி வைத்திருந்த பட்டு அங்கவஸ்திரம்தான் அகப்பட்டது. பார்த்திபன் அதை முறுக்கி ஒற்றைக் கையால் ஒரு முடிச்சுப் போட்டான். கல் அசையவில்லை.

"இன்னா முடிச்சுங்க இது!" என்றார் மணவாளன், தனக்கு வந்திருக்க வேண்டிய பட்டைப் பார்த்தபடி.

"ராக்கெட்ட நிறுத்தி வெக்கணுமில்ல, அங்க கத்துக் குடுத்திருப்பாங்க," என்றார் குப்புராஜ்.

அடுத்து, வடக்கே ஒரு தென்னை மட்டை மறைத்தது. பார்த்திபன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடி மேலிருந்த இன்னொரு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறினான். தொட்டி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று எட்டி வெட்டினான். பார்த்த ஜோதிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பையனுக்கு ஒசரம்னா பயமே இல்லியே," என்றார் மணவாளன்.

"ராக்கெட் போற ஒசரத்துக்கு இது இன்னா ஒசரங்க?"

மட்டை கீழே, கொல்லைப் பக்கம் நிறுத்தியிருந்த மணவாளனின் கார் மேல் விழுந்தது. பக்கத்துக் கண்ணாடி உடைந்த சத்தம் மாடி வரை கேட்டது. முத்தம்மாள் கீழிருந்து, "இலை போடட்டுமா?" என்றாள்.

குப்புராஜுக்கு உள்ளே எரிந்தது. இந்தச் சம்பந்தம் தவறினால், மகனிடம் குறை என்று அல்ல, குருவே நிற்காத வீடு என்று பள்ளிப்பட்டு வரை பேசுவார்கள். மறுபடியும் விமலைக் கூப்பிட்டார்.

"துருவன் எங்கடா இருப்பான்?"

"உங்க ஊர்ல ரொம்பத் தாழ்வா இருக்கும் மாமா. கைய நேரா நீட்டி வெரலெல்லாம் மடக்கி முட்டி புடிச்சி தரையோரமா வைங்க. முட்டிக்குக் கொஞ்சம் மேல. பளிச்சுன்னுலாம் இருக்காது, சுமாராத்தான் தெரியும்."

"அவ்ளோ பெரிய நட்சத்திரம் சுமாரா இருக்குமா? வாத்தியாரு பேச்சா பேசற. வை போன."

பல வருஷங்களுக்குப் பிறகு குப்புராஜ் வடக்கே பார்த்தார். புகையும் இருட்டுமாக ஒன்றும் புரியவில்லை. புகை போக்கி எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. அதன் தலையில் சிவப்பு விளக்கு எரியும் என்று கேள்விப்பட்டிருந்தார். அந்தப் பக்கம் முழுவதும் எங்கும் சிவப்பைக் காணோம். கண்ணில் படாமல் ஒழிந்தது என்று நினைத்தார். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தார். முட்டிக்குக் கொஞ்சம் மேலே வெள்ளையாக, பெரிதாக, ஒற்றையாக ஒன்று நின்றது.

"தோ!" என்றார்.

"நைனா, அது வேணாம்," என்றான் பார்த்திபன்.

"வேணாமா? இன்னாடா, கத்திரிக்காயா பொறுக்கறோம்?"

"அது நட்சத்திரம் மாரி தெரில நைனா."

மணவாளன் புருவத்தை உயர்த்தினார். "தம்பி விஞ்ஞானின்னு சொன்னீங்க. துருவன் தெரியாதுங்களா?"

"ராக்கெட்ட அனுப்பறதோட அவன் வேல முடிஞ்சிதுங்க," என்றார் குப்புராஜ் உடனே. "நட்சத்திரம் வேற டிபார்ட்மெண்டு." பிறகு மகன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "மானத்த வாங்காதடா. நட்சத்திரம் இல்லன்னா வேற இன்னா அது? சொல்லு."

பார்த்திபன் வாயைத் திறந்தான். அம்மாவின் குரல் கீழே கேட்டது. வாயை மூடிக்கொண்டான்.

குப்புராஜ் சோதித்தே பார்த்தார். தொட்டிக் குழாயின் ஓரத்தோடு அந்த ஒளியைச் சேர்த்து வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். கிழக்கே குரு தென்னைக்கு மேலே ஏறிவிட்டார். இது இம்மி அசையவில்லை.

"வானத்துல எல்லாம் நவுருது. நவுராதது எது?" என்று மணவாளனைக் கேட்டார்.

"துருவன்," என்றார் மணவாளன், கொஞ்சம் மரியாதையோடு.

அச்சின் நடுவே ஒரு சிறு குழாய் இருந்தது. அதன் வழியாகப் பார்த்து, ஒரு திருகால் உயரத்தையும் ஒரு திருகால் பக்கத்தையும் சரிசெய்து, ஒளியை நட்ட நடுவில் நிறுத்தினார். பெரிய குழாயைக் கிழக்கே திருப்பிக் குருவைப் பிடித்து மோட்டாரைப் போட்டார். அது வண்டு மாதிரி ரீங்கரித்தது.

ஜோதிலட்சுமி குனிந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நிக்கறாருங்க! பக்கத்துல சின்னச் சின்னதா நாலு வெளக்கு வேற ஏத்தி வெச்சிருக்குது!"

மணவாளன் பார்த்தார். மறுபடி ஜோதிலட்சுமி பார்த்தாள். குரு எங்கேயும் போகவில்லை. நெற்றி வீக்கமும் கார்க் கண்ணாடியும் மறந்துபோயின. மணவாளன் குப்புராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, இலையப் போடச் சொல்லுங்க. கை நனைச்சிடலாம்."

குப்புராஜ் சிரிக்கவில்லை. சிரிப்பது அவர் வழக்கமில்லை. "முத்தம்மா, இலை!" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"ஒரு நிமிசம்," என்றார் மணவாளன். "எங்க கல்யாணத்துல ஐயரு மண்டபத்துக் கூரையக் காட்டி, துருவனப் பாருன்னாரு. நானும் ஃபேனப் பார்த்துட்டு வந்துட்டேன். இன்னிக்காவது நெசமானதப் பார்த்துக்கறேன்."

அச்சுக் குழாயில் கண்ணை வைத்தார். "ஆகா. மினுக்குது பாருங்க."

"நட்சத்திரம்னா மினுக்கும்," என்றார் குப்புராஜ்.

பார்த்திபனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் அமுக்கினான். மறுபடி அதிர்ந்தது.

"எடுடா. ராக்கெட்டுக்கு ஏதாவது ஆயிடப் போவுது," என்றார் குப்புராஜ், சம்பந்திக்குக் கேட்கும்படி.

"அப்பறம் பேசிக்கறேன் நைனா." அவன் முகம் வெளுத்திருந்தது.

"ரொம்ப மினுக்குதுங்க," என்றார் மணவாளன். பிறகு, "இன்னாங்க இது?" என்றார். பிறகு நிமிர்ந்து வெறுங்கண்ணால் வடக்கே பார்த்தார்.

"இன்னா ஆச்சி?"

"அணைஞ்சிப் போச்சிங்க."

"எது?"

"துருவன்."

வடக்கே கும்மிருட்டு. ஜோதிலட்சுமி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மோட்டார் மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"மேகங்க," என்றார் குப்புராஜ். வானத்தில் மேகமே இல்லை. "சீக்கிரம் வெலகிடும். வாங்க, சாப்பிடுவோம்."

எல்லோரும் கீழே இறங்கினார்கள். கூடத்தில் இலை போட்டிருந்தது. முத்தம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மணவாளன் உட்காரக் காலை மடக்கிய நேரத்தில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓர் ஆள் எட்டிப் பார்த்தான்.

"சார், என் பேரு எபினேசருங்க. பார்த்தி அண்ணன் இருக்காரா? போன் பண்ணா எடுக்க மாட்றாரு. கம்பெனிலேர்ந்து வரேன்."

"எந்தக் கம்பெனி?" என்றார் குப்புராஜ்.

"தோ, பின்னாடி இருக்குதே சார், அதான்."

முத்தம்மாளின் கையிலிருந்த சொம்பு நழுவித் தண்ணீர் இலையெல்லாம் ஓடியது. பார்த்திபன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே அடைத்த ஜன்னல் இருந்தது.

குப்புராஜ் முதுகை நிமிர்த்திக்கொண்டார். மணவாளன் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"ஊடு மாறி வந்துட்டப்பா. எங்க வம்சத்துல ஒருத்தனும் அந்தக் கம்பெனி வாசல மிதிச்சதில்ல."

எபினேசர் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டான்.

"வாசல்ல நிக்க அண்ணனுக்கு எங்க சார் நேரம், ஏழு வருசமா பொகபோக்கி மேலதான இருக்காரு? செவப்பு பல்பு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு முந்தா நேத்து அவரு ஏறிக் கட்டிட்டு வந்த வெள்ள லைட்டுதான் சார் இப்ப அணைஞ்சிப் போச்சி."