விரிசலைப் பார்த்துவிட்ட எருமை

ஒரு காட்டில் ஓர் எஃகு ஆலை நொண்டிக்கொண்டிருந்தது. மூன்று உலைகளில் இரண்டு எப்போதோ அணைந்து, உள்ளே வௌவால்கள் குடியேறிவிட்டன. மூன்றாவதை எப்போது மூடுவார்கள் என்பதுதான் கேண்டீனில் தினசரிப் பேச்சு.

ஆலையில் சங்கம் இரண்டே இரண்டு. சத்தம் மட்டும் இருபதுக்குக் காணும். ஒன்றுக்குச் சேவல் தங்கபாண்டி தலைவர், மற்றதற்குக் கிடா பொன்னுரங்கம். உலையை மூடக் கூடாது என்பதில் இரண்டுக்கும் ஒரே கருத்து. அதை முதலில் சொன்னது யார் என்பதில்தான் பதினோரு வருடமாகச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

இருளப்பன் என்ற எருமைக்கு உலைவாயில் கசடு தள்ளும் வேலை. அவன் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே கிரேன் போகும். அதன் கொக்கியில் இரும்புக் குழம்பு நிறைந்த கொப்பரை தொங்கும். ஒருநாள் அண்ணாந்து பார்த்தவன் கொக்கியில் ஒரு விரிசலைக் கண்டான். மறுநாள் அது இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. வீட்டில் மனைவி செண்பகம் நிறைமாதமாக இருந்தாள். பிறக்கப்போகும் கன்றின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

சேவலிடம் ஓடினான்.

"அண்ணே, கொக்கி விரிசல் விட்டிருக்குண்ணே. என் தலைக்கு நேர் மேல!"

"இதைக் கிடாகிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

"சொல்லிடாத. இது நம்ம கோரிக்கை."

அன்று மாலை கேட் கூட்டத்தில் சேவல் இரண்டு மணி நேரம் கூவியது. கொக்கி பற்றிய பேச்சு நன்றியுரையில் வந்தது. விடிவதற்குள், 'விரிசல் கண்ட வீரரே' என்று கிடாவின் படம் போட்ட சுவரொட்டி மதிலெல்லாம் ஒட்டப்பட்டிருந்தது. கிடா அந்தக் கொக்கி இருந்த பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

இரண்டு சங்கமும் தனித்தனியாக எழுதிய மனுக்கள் மேலாளர் நரியின் மேஜைக்குப் போயின.

"ஒரே கொக்கிக்கு ரெண்டு மனுவா?" என்றது நரி. "ஆலையே இழுத்துக்கிட்டு கெடக்கு. சேர்ந்து ஒரே மனுவா குடுங்க, அன்னிக்கே மாத்திடறேன்."

கூட்டு மனு தட்டச்சாகி வந்தது. யார் கையெழுத்து மேலே? எங்கள் சங்கம் மூத்தது என்றது சேவல். எங்களிடம்தான் ஆள் அதிகம் என்றது கிடா. பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்று யாரோ சொல்ல, இடது பக்கம் யாருக்கு என்று அடுத்த தகராறு. மூன்று வாரம் இப்படியே போயிற்று. அதுவரை எல்லோரும் கறுப்பு பேட்ஜ் குத்தி எதிர்ப்பைக் காட்டுவது என்று முடிவானது. இருளப்பனும் ஒன்றைக் குத்திக்கொண்டு அதே கொக்கிக்குக் கீழே நின்றான். விரிசலுக்குள் இப்போது அணில் வால் நுழையும்.

ஒருநாள் காலை ஷிஃப்டில் அவன் போய் நிற்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"கொக்கிய மாத்துங்க, நிக்கிறேன்."

உலை நின்றது. அரை மணி நேரத்தில், காடே காணாத அதிசயமாக, சேவலும் கிடாவும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தன.

"சங்கத்தக் கேக்காம நீயா வேலைய நிறுத்துவியா? கட்டுப்பாடு வேணாம்?" என்றது சேவல்.

"இருக்குற ஒரு உலையையும் மூட வழி பண்றியே, துரோகி!" என்றது கிடா.

"அண்ணே, கொக்கி..."

"அதுக்குத்தான் மனு போயிட்டிருக்கில்ல?" என்றன இரண்டும் ஒரே குரலில்.

இருளப்பனைக் கண்டிக்கும் தீர்மானம் பத்தே நிமிடத்தில் தயாரானது. யார் கையெழுத்து மேலே என்ற கேள்வியே எழவில்லை, வெட்கங்கெட்ட ஜென்மங்கள். அதைக் காட்டி நரி அவனை சஸ்பெண்ட் செய்தது. வெளியே 'தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக' என்று கோஷம் கிளம்பியது. அவன் இடத்தில் யாரையும் போடவில்லை. இருக்கிறவர்களே வந்து போகும்போது கசடைத் தள்ளிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் கொக்கி உடைந்தது. கொப்பரை சரியாக இருளப்பன் நிற்கும் இடத்தில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து அங்கே ஈ காக்கை இல்லை.

செய்தி கேட்டு இருளப்பன் செண்பகத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "சொன்னது சரின்னு ஆயிருச்சு புள்ள, இனிமே கூப்பிட்டுருவாங்க" என்று கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு விபத்து விசாரணைக்குப் போனான்.

"உயிர்ச்சேதம் இல்லை" என்று நரி அறிக்கையைப் படித்தது. "நிர்வாகம் தக்க நேரத்தில் எடுத்த சஸ்பெண்ட் நடவடிக்கையே காரணம்."

"அதைக் கேட்டு வாங்கினது எங்க சங்கம்" என்றது சேவல்.

"மொதல்ல கேட்டது நாங்க" என்றது கிடா.

நரி இரண்டுக்கும் பொன்னாடை போர்த்திவிட்டு மீதியைப் படித்தது. "மூன்று நாள் அந்த இடத்தில் ஆள் இல்லாமலே உலை ஓடியிருப்பதால், அந்தப் பணியிடம் இன்றோடு ரத்து."

இருளப்பன் நரியின் மேஜையருகே போனான்.

"சார், நான் சொன்னது சரிதான சார்?"

"ரொம்பச் சரி" என்றது நரி, நிஜமான இரக்கத்தோடு. "அன்னிக்கு நீ கீழ நின்னிருந்தா, வாரிசு வேலைன்னு உன் பொண்டாட்டிக்காவது போட்டுக் குடுத்திருப்பேன். இப்ப உயிரோட வந்து நிக்கிறியே, நான் என்னப்பா பண்ண முடியும்?"

நீதி: தலைக்கு மேல் ஆபத்து தொங்கினால் அசையாமல் நில்லுங்கள். பிழைத்துக்கொண்டால் வீட்டில் ஒருவருக்கும் வேலை கிடைக்காது.