தண்ணீர் அசையக் கூடாது

இடது கையில் ஈரத் துணி, வலது கையில் காய்ந்த துணி. அலை எழுப்பும் பலகைகள் அறுபதையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார் அவர். ஈரத்தால் ஒரு தடவை, காய்ந்ததால் இரண்டு தடவை, குளிப்பாட்டிய குழந்தைக்குத் துவட்டிவிடுவதுபோல் மடிப்பு இடுக்கு எதையும் விடாமல்.

இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பொருள் கெடக் கூடாது என்பதற்காக அதை யாரையும் தொடவிடாதவர்கள். யாராவது புத்தகம் எடுத்துப்போனால் முகம் வாடுகிற நூலகர் இந்த வகை. நம் ஆள் இவர்களுக்கெல்லாம் பெரியண்ணன். இவர் பொறுப்பில் இருப்பது ஓர் அலைத்தொட்டி. கூரைக்கு அடியில், கால்பந்து மைதானம் அகலத்துக்கு ஒரு செயற்கைக் கடல். கடலோரத்தில் எதையாவது கட்டப்போகிறவர்கள் அதன் மாதிரியை இதற்குள் வைத்து, அலை விட்டு, நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய தொட்டி அந்தக் கரை நெடுக இது ஒன்றுதான். ஆகவே வரிசை நீளம். வரிசை நீள நீள இவர் முகத்தில் களை கூடும்.

விண்ணப்பத்துக்கு ஐந்து படிவம். நான்காவது படிவம், மூன்றாவது படிவத்தைக் கொடுத்தாயிற்று என்று உறுதி சொல்லும் படிவம். ஐந்தையும் தாண்டி ஒருவர் வந்து நின்றால் கடைசி ஆயுதம் இருக்கிறது.

“தண்ணி இன்னும் அடங்கல.”

ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர் அடங்க வேண்டும் என்பது உண்மைதான். அரை மணி நேரம் போதும். இவருடைய தண்ணீர் பதினோரு மாதமாக அடங்கிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘தாலாட்டு சார்’.

அவரிடம் ஒரு வியாழக்கிழமை வந்து மாட்டினாள் துறைமுகப் பொறியாளர் ஒருத்தி. திங்கட்கிழமை அவளுடைய அலைத்தடுப்புச் சுவருக்குக் கடலில் கல் இறக்கப்போகிறார்கள். சுவரின் முனை புயலில் நிற்குமா என்று அவளுக்குச் சந்தேகம். முனை போனால் உள்ளே கட்டியிருக்கும் முந்நூறு மீன்பிடிப் படகும் போகும்.

“ஒரே ஒரு நாள் குடுங்க சார்.”

அவர் பதிவேட்டைப் புரட்டினார். “அடுத்த வருஷம் எட்டாம் மாசம், பதினாலாம் தேதி?”

“அதுக்குள்ள சுவரையே கட்டி முடிச்சுடுவாங்க சார்!”

“ரொம்ப நல்லதாப் போச்சும்மா. கட்டினதப் பாத்து மாதிரி செஞ்சா இன்னும் துல்லியமா வருமே.”

அவள் அழவில்லை, கத்தவில்லை. தொட்டியைச் சுற்றி நடந்தாள். ஓரத்தில் இயந்திரம் பார்க்கும் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க்கா, இதெல்லாம் ஓடுமா?”

“யாரு கண்டா? பதினோரு மாசமாப் படுத்த படுக்கை. புரட்டிப் படுக்க வைக்காட்டி மனுஷனுக்கே முதுகு புண்ணாயிடும். மாசம் ஒருதரம் ஓட்டச் சொல்லிப் பராமரிப்புப் புத்தகத்துல போட்டிருக்கு. சொன்னா, அலை விட்டா தொட்டி அழுக்காயிடுமாம்!”

பொறியாளர் திரும்பி ஓடினாள்.

“சார், சோதனையே வேண்டாம். உங்க பலகைங்க மூட்டெல்லாம் இறுகிட்டிருக்காமே. ஒரு பராமரிப்பு ஓட்டம் விட்டுடுங்க. என் சுவரோட மாதிரிக் கட்டிங்க சும்மா ஒரு ஓரமாக் கெடக்கட்டும்.”

“இறுகிடுச்சா?” அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. சோதனைக்கு ஐந்து படிவம். பராமரிப்புக்கு? பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எவர் படிவம் கேட்பார்?

வெள்ளிக்கிழமை தண்ணீரை வடித்தார்கள். அதைப் பார்க்க மாட்டாமல் அவர் வெளியே போய் நின்றுகொண்டார். இரண்டு பெண்களும் மண்டியிட்டு, மூவாயிரம் குட்டிக் கான்கிரீட் கட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர் நிரம்பியது. பலகைகள் முனகின, இருமின, பிறகு எழுந்தன.

முதல் அலைக்கு, “மெதுவா, மெதுவா!” என்று அவர் கெஞ்சினார். ஐந்தாவது அலைக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பத்தாவது அலை அவரை இடுப்புவரை நனைத்தது. “இன்னும் கொஞ்சம் ஏத்து, இன்னும் ஏத்து!” என்று கைதட்டினார். அக்கா புயல் அளவுக்கு ஏற்றினாள். முனையில் ஒரு கட்டி ஆடியது, உருண்டது, அதன் பின்னால் நாற்பது கட்டிகள் மளமளவென்று சரிந்தன.

“விழுந்துடுச்சு! விழுந்துடுச்சுக்கா!” என்று பொறியாளர் அக்காவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தான் வரைந்த சுவர் விழுந்ததற்குக் குதிக்கிறவளை எங்கே கண்டிருக்கிறீர்கள்? குதித்த கையோடு போனில் கத்தினாள்: “முனைக்குக் கல் இறக்காதீங்க! கனமான கட்டி வேணும். நாளைக்குக் காட்டுறேன்.”

மறுநாள் காலை அவள் கனமான கட்டிகளோடு வந்தால், வாசலுக்குக் குறுக்கே கயிறு. உள்ளே அவர், இரண்டு துணியோடு.

“நேத்து ரொம்ப அலைஞ்சுடுச்சும்மா. ஒரு மூணு மாசம் ஓய்வு.”

அவள் கட்டிகளைக் கீழே வைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“பதினேழாம் பலகைல நேத்து கிறீச்னு ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டீங்களா சார்?”

கயிற்றை அவரே அவிழ்த்தார். முனையில் கனமான கட்டிகளை அடுக்கி முடித்ததும் விசையையும் அவரே தள்ளினார். முழுப் புயலுக்கும் முனை அசையாமல் நின்றது.

சிரித்தாயிற்றா? நல்லது. இனி, டிவி ரிமோட்டை வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடே அழுத்திக்கொண்டிருக்கும் அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள்.