துரை மாத்திரை சாப்பிட்ட விதம்

பூனைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கொடுத்ததில்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

எங்கள் வீட்டுப் பூனையைத் துரை என்றுதான் கூப்பிடுவோம். நடையும் அலட்டலும் அப்படி. அந்தத் துரை ஒருநாள் பக்கத்துத் தெருக் கடுவன் பூனையோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு பக்கக் கன்னம் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கி வந்து நின்றார். இடுப்பில் பிள்ளை, கையில் பூனைக்கூடை, பின்னால் கணவர் என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சீழை எடுத்தார். பிறகு துரையின் தலையை லேசாக மேலே சாய்த்தார், வாயோரம் விரலை வைத்தார். நான் கண்டது அவ்வளவுதான். மாத்திரை உள்ளே போயிருந்தது. துரைக்கே விஷயம் தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்ட வீட்டைச் சுற்றி ஓடுகிறவள் நான். அந்தக் கையைக் கும்பிடலாம் போல இருந்தது.

அப்புறம் விவரமாகச் சொன்னார். தினம் ஒரு மாத்திரை. புண் ஆறின மாதிரித் தெரிந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மறுபடி சீழ் பிடிக்கும், மயக்க ஊசி போட்டுக் கிழிக்க வேண்டிவரும். இதைப் பொடித்துக் கொடுத்தால் கசப்பில் நுரை தள்ளும். நாம் காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையை மறந்தும் கொடுக்கக் கூடாது, பூனைக்கு அது விஷம். பால் வேண்டாம், வளர்ந்த பூனைக்குப் பெரும்பாலும் செரிக்காது. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த மீனை முள் எடுத்துக் கொடுக்கலாம்.

மாத்திரையை யார் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பார்சல் ஆபீஸ்ல பேக்கிங் பூரா என் கையிலதான் டாக்டர். கண்ணாடி விளக்கையே கீறல் விழாம அனுப்புறவன். இத்தனூண்டு மாத்திரை போய்ச் சேராதா?"

மறுநாள் மீன் துண்டைக் கீறி, உள்ளே மாத்திரையை வைத்து, மேலே இன்னொரு துண்டால் மூடி, ஓரமெல்லாம் அழுத்தினார். விலாசம் எழுதாததுதான் பாக்கி. துரை வந்தார், மோந்து பார்த்தார், சாப்பிட்டார். கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். துரை எழுந்து போனதும் எட்டிப் பார்த்தால், கிண்ணத்தின் நடுவில் மாத்திரை! ஒரு மீன் துணுக்குகூட ஒட்டாமல், கடையில் வாங்கினபோது இருந்ததைவிட வெள்ளையாக. நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கையும் இல்லை, கத்தியும் இல்லை. வெறும் நாக்கை வைத்துக்கொண்டு ஒரு பார்சலையே பிரித்திருக்கிறாரே!

"வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாரு போல" என்றேன்.

"பேக்கிங் பத்தல" என்றார் கணவர்.

பேக்கிங் தடித்தது. மாத்திரை திரும்பி வந்தது. டாக்டரம்மா பேச்சை மீறிக் கணவர் பொடித்தும் பார்த்தார். துரை தள்ளின நுரையெல்லாம் இவர் சட்டையில். துண்டில் சுற்றிப் பிடித்தார். துண்டும் கிழிந்தது, கையும் கிழிந்தது. இந்த அமர்க்களத்தில் மருந்து ஒழுங்காக உள்ளே போகாமல், கன்னம் மறுபடி வீங்கத் தொடங்கியது. கிழிக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொன்னது என் காதிலேயே நின்றது.

அன்று சாயங்காலம் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். தன் கிண்ணத்து மீனைத் திரும்பிப் பார்க்காத துரை, இவர் தட்டிலிருந்த மீனைக் கவ்விக்கொண்டு கட்டிலடிக்குப் பாய்ந்தார். மெல்லவில்லை. ஒரே விழுங்கு. கொடுத்தால் சோதனை போடுகிறவர், திருடினதைச் சோதிக்கவில்லை. எப்படிச் சோதிப்பார்? பின்னாலேயே துடைப்பத்தோடு ஆள் வருகிறதே.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. கணவரிடம் சொல்லவில்லை. நடிக்கச் சொன்னால் அவர் முதலில் சிரித்துவிடுவார். துரைக்குச் சந்தேகம் வர அது போதும்.

காலையில் அவர் பார்சல் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் அதைப் பிரித்து மாத்திரையை எடுத்துக்கொண்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிடுவேன். சாயங்காலம் அதே மாத்திரை அவர் தட்டிலேயே, ஓரத்து மீன் துண்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

"என்ன இது, மீன்ல உப்பே இல்ல?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாங்க."

"வெங்காயம்?"

"அதுவும்தான்."

எந்த டாக்டர், யாருக்கு வேண்டாம் என்றார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

துரை பாய்வதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் உட்கார்ந்திருப்பேன். ஒருநாளும் முடியவில்லை. ஜன்னலில் இருப்பார். அடுத்து கட்டிலடியில் இருப்பார். நடுவில் காற்று மட்டும்தான் இருந்தது. மாத்திரை தொண்டையில் ஒட்டாமல் இருக்க, அங்கே மீன் வெந்த தண்ணீர் வைத்திருப்பேன். அதையும் என்னவோ திருடிக் குடிக்கிற மாதிரியே குடிப்பார். ஒருநாள் கணவருக்கு வெறி வந்து, தட்டில் இருந்த துண்டுகளையெல்லாம் மளமளவென்று வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு உயிர் போய் வந்தது. நல்லவேளை, ஓரத்துத் துண்டு தவறிக் கீழே விழுந்தது. தரையைத் தொடுமுன் அது துரை வாயில் இருந்தது.

"பாத்தியா, கிண்ணம் காலி" என்பார் கணவர், தன் பார்சலைப் பற்றி. உங்கள் கைராசி யாருக்கு வரும் என்பேன் நான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கன்னம் வற்றியிருந்தது. டாக்டரம்மா அசந்துபோய், எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். கணவர் பேக்கிங் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். இன்னும் சில நாள் இதே மாதிரி கொடுங்கள் என்றார் டாக்டரம்மா.

"அதுக்கென்ன டாக்டர். ஆனா இது தினம் என் தட்டுல கொள்ளை அடிக்குது. இன்னையிலேர்ந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் சாப்பிடப் போறேன்."

"ஐயோ, வேண்டாங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரை கொட்டாவி விட்டார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. உப்பில்லாத மீனை நினைத்தார் போல, முகம் சுருங்கியது. அப்புறம், துண்டுகளை அள்ளி வாயில் போட்ட அந்த நாள் ஞாபகம் வந்தது போல, வெளிறியது.

டாக்டரம்மா கை கழுவத் திரும்பியதும் கணவர் என் காதோரம் குனிந்தார்.

"இனிமே எந்தத் துண்டுன்னு எனக்கு மட்டும் சொல்லிடும்மா."