மந்தியின் கழுத்தில் அம்மாவின் வடைமாலை

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவே, என் படம் ஒன்று இருக்கிறது. நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் காபியைக் குடிக்கிறார்கள். (ஒருவர் மட்டும், "சார் ஏதாவது ஆசிரமம் நடத்துறாரா?" என்று என் மனைவியிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார்.)

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த கதை இது. புனேயில், கசார்வாடியில் குடியிருந்தோம். அப்பா போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் ஃபோர்மேன். நான் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, நாட்டிலுள்ள குரங்கு ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் சம்பளமில்லாத தொண்டனாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். குரங்கு, மந்தி, தேவாங்கு எல்லாவற்றையும் ஆராய்வதும் காப்பாற்றுவதும் சங்கத்தின் வேலை. கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுவது என் வேலை.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும், கோபம் மட்டும் ஊர்ப் பேச்சில்தான் வரும்.

"குரங்கு பாக்கதுக்கு எதுக்குல எம்.எஸ்ஸி.? எங்க செகண்ட் ஷிப்டுக்கு வந்து பாரு, வேணுங்குற மட்டும் திரியுதானுவ."

கடைசியில் அவர் கம்பெனி ஸ்டோரிலேயே எனக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். சங்கத்தில் சம்பளத்தோடு வேலை கிடைக்காவிட்டால் வரும் திங்கட்கிழமையே நட்டையும் போல்ட்டையும் எண்ணப் போய்விட வேண்டும். அதுதான் பேச்சு.

என் அதிர்ஷ்டம், அந்த வருஷம் சங்கத்தின் தேசிய மாநாடு புனேயிலேயே நடந்தது. கோயில்களுக்கு வரும் மக்களிடம் 'குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்' என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆளை வேலைக்கு வைக்கப் போகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். செயலாளரைப் போய்ப் பார்த்தேன். மராட்டியப் பெண்மணி. நாங்கள் எல்லாரும் மேடம் என்போம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, மந்திகள் பார்த்திருக்கலாம்.

"சனிக்கிழமை எல்லாரும் மாருதி கோயில் மலைக்குப் போகிறோம். அங்கே ஜனங்களிடம் நீ பேசு. உன் பேச்சைக் கேட்டு ஒருவராவது தீனி போடாமல் திரும்பினால், வேலை உனக்கு" என்றார்.

இந்தச் செய்தியை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை, மாருதி, மகனுக்கு வேலை. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எங்கள் அம்மா உளுந்து ஊறப்போடாமல் இருப்பாளா? காலையில் எழுந்து பார்த்தால் சமையலறை முழுக்க மிளகு வாசனை. ஆஞ்சநேயருக்குச் சாத்த வடைமாலை தயார். நடுவழியில் அறுந்துவிடக் கூடாது என்று, அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த நைலான் கயிற்றில் கோத்திருந்தாள். (இந்தக் கயிற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

"அம்மா, தீனி போடாதீங்கன்னு சொல்லதுக்குத்தான் நான் போறேன்."

"கொரங்குக்குத்தான போடக் கூடாது? இது சாமிக்கு. பேசதுக்கு முன்னால பூசாரிகிட்ட குடுத்து சாமி கழுத்துல போட்டிரணும். பேசதுக்கு முன்னால, கேட்டியாய்யா?"

அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்கு நேரமில்லை. மாலையைத் துணிப்பையில் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

மலையில் நல்ல கூட்டம். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஜனங்கள் மாருதிக்கு எண்ணெயும் எருக்கிலை மாலையும் கொண்டுவந்திருந்தார்கள். மந்திகளுக்கு வாழைப்பழமும் கடலையும். கருத்த முகமும் நீண்ட வாலுமாக, லங்கூர் என்று சொல்கிற மந்திகள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எருக்கிலையை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். 'தீனி போடாதீர்கள்' என்று மராட்டியில் பெரிதாக அச்சிட்ட சங்கத்துச் சட்டை என் மேல். பின்னால் நாடெங்கிலுமிருந்து வந்த ஆராய்ச்சியாளர்கள். இத்தனை பேருக்கு முன்னால், அந்தச் சட்டையோடு, கையில் வடைமாலையைத் தூக்கிக்கொண்டு நான் சந்நிதிக்குப் போவதா? பேசி முடித்தபின் நைசாகப் போய்ச் சாத்திவிடலாம், ஆஞ்சநேயர் எங்கே ஓடிவிடப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்த சங்கத்துப் பேனருக்குப் பின்னால் பையை வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றேன். மந்திகளைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்தவன் செய்கிற காரியமா இது?

பேச்சு அபாரமாகப் போனது. மந்திக்கு இலைதான் உணவு, நாம் போடும் தீனி அதன் வயிற்றைக் கெடுக்கும், மனிதர்களிடம் அதற்குள்ள பயத்தைப் போக்கும், கடைசியில் பறிக்கப் பழக்கும் என்றேன். முன்வரிசையில் நின்ற ஒரு அம்மாள் கையிலிருந்த வாழைப்பழத்தை மெல்ல முந்தானைக்குள் மறைத்தார். என் வேலை உறுதியாகிவிட்டது! குரலை உயர்த்தினேன்.

"பையில் ஒளித்துக்கூடத் தின்பண்டம் கொண்டு வராதீர்கள்! அதன் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது!"

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் என் தலைக்கு மேலே பார்த்தது. பேச்சில் மயங்கி வானத்தைப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

திரும்பினேன். பேனர் கம்பத்தின் உச்சியில் ஒரு பெரிய ஆண் மந்தி. அதன் கழுத்தில் எங்கள் அம்மாவின் வடைமாலை.

மாலையை அது வேண்டுமென்று போட்டுக்கொண்டிருக்காது. பையிலிருந்து பிடுங்கி இழுத்தபோது தலை உள்ளே நுழைந்திருக்க வேண்டும். சாதாரண நூலாக இருந்தால் அப்போதே அறுந்து விழுந்திருக்கும். நைலானாயிற்றே! அது நிதானமாக ஒரு வடையைக் கடித்தது. மென்றது. யோசித்தது. எருக்கிலையையே பார்த்துச் சலித்த பரம்பரைக்கு அன்றுதான் மிளகு வடை அறிமுகமாகிறது. அடுத்த வடையைக் கடித்தது.

"மாருதிராயா பிரசன்ன ஜாலே!" என்று யாரோ கூவினார்கள். மாருதியே நேரில் வந்துவிட்டாராம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த அம்மாள் முந்தானைக்குள்ளிருந்து வாழைப்பழத்தை வெளியே எடுத்துவிட்டார். எடுத்தது மட்டுமில்லை, நேராக வந்து கம்பத்தடியில் படைத்தார். பின்னாலேயே கடலைப் பொட்டலங்கள் வந்து விழுந்தன. சுவரில் இருந்த மந்திகள் அத்தனையும் இறங்கி வந்தன.

கழுத்தில் கயிறு இறுகிவிடுமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தமிழிலேயே கத்தினேன்.

"ஐயா, எறங்குங்கய்யா! மாலையக் கழட்டுங்கய்யா!"

(மந்திக்கு ஏன் மரியாதை கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.) அந்த நேரம் பார்த்து, தாடி வைத்த ஒரு பேராசிரியர் கேமராவைத் தட்டினார்.

நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. வடைகள் தீர்ந்ததும் மாலை தொளதொளவென்று தளர்ந்து, மந்தி தலையைக் குனிந்ததும் நழுவி என் தோளில் வந்து விழுந்தது. வெறும் கயிறு.

மேடம் காலி பையைக் கையில் தூக்கிப் பிடித்தார். அதில் எங்கள் கசார்வாடி மளிகைக் கடைக்காரர் பெயர் இருந்தது.

"கோணாச்சி பிஷ்வி?" என்றார். (யாருடைய பை?)

தோளில் கயிற்றோடு நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீடு வந்து சேரும்வரை நட்டு, போல்ட்டு, வாஷர் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அழுகையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். முன்னால் மேஜையில் அந்தப் புகைப்படம் கிடந்தது: மேலே மாலையோடு மந்தி, கீழே கையைத் தூக்கியபடி நான்.

"நீ பேசியதை ஒருவரும் கேட்கவில்லை. இதை எல்லாரும் பார்ப்பார்கள். போஸ்டராக அடிக்கப் போகிறோம். உனக்குச் சம்மதமென்றால் வேலைக்கு வா" என்றார்.

சொல்லிவிட்டுப் படத்தைப் பார்த்தார். சிரித்தார். நான் பார்த்த முதல் சிரிப்பு.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. முதல் வேலை, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு புனேயில் கோயில் கோயிலாகப் போய், வாயைப் பிளந்து நிற்கும் என் படத்தை நானே ஒட்டுவது. கீழே கொட்டை எழுத்தில், 'இப்படிச் செய்யாதீர்கள்.' ஹடப்சர் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் போஸ்டரையும் என்னையும் பார்த்துவிட்டு எனக்கு டீயோடு வடை தர மறுத்துவிட்டார்.

அம்மா ஒரு போஸ்டர் கேட்டாள். கீழ் வரி தெரியாமல் மடித்து, சட்டம் போட்டு, பூஜை அலமாரியில் வைத்துவிட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. கையைத் தூக்கி நான் பதறி நிற்பது, உறவினர் எல்லாருக்கும் பக்திப் பரவசமாகத் தெரிகிறது. ஊர் ஊராகப் போய், மந்தியைச் சாமியாக்கித் தீனி போடாதீர்கள் என்று தொண்டை வறளப் பேசிவிட்டு நான் வீடு திரும்பினால், அம்மா மந்தியின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருப்பாள். விரலில் மிச்சமிருப்பதைக் கீழே நிற்கும் எனக்கும் வைப்பாள்.

படத்தைப் பார்த்து விழிக்கிறவர்களுக்கு அவளே விளக்கமும் சொல்லிவிடுவாள்.

"பேசதுக்கு முன்னால சாமிக்குப் போட்டுருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவன் போடல. அவரே எறங்கி வந்து வாங்கிப் போட்டுக்கிட்டாரு. மறுநாளே வேலை. இவன்கிட்ட கேட்டா எம்.எஸ்ஸி. படிச்சதுனாலம்பான்."